ஓரளவு

அந்த அறையின் பெயர் ‘அங்சானா’.
எங்கள் மாடியில் எல்லா அறைக்கும் மரத்தின் பெயர்.
மரம் ஒன்றும் கிடையாது.
நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தாள்,
பதினொன்றில் முடிந்துவிட்டது.

ஹுவீ ஷான் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.
ஐந்துக்கு இரண்டு.
கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.
அடிபட்டால் எனக்குத் தமிழில்தான் கத்த வரும்,
அதனால் அதையும் தமிழிலேயே படித்தேன்:
எதிர்பார்ப்பை ஓரளவு நிறைவு செய்கிறார்.

ஓரளவு.
சாம்பாரில் உப்பு சரியா என்றால் சொல்லியிருக்கிறேன்,
மழை விட்டதா என்றால் சொல்லியிருக்கிறேன்.
ஒரு மனிதனைப் பார்த்துச் சொன்னதில்லை.

“தனி, குழுவுக்கு நீ ரொம்ப முக்கியம்” என்றாள்.
தணிகைவேலைச் சுருக்கி அவள் கூப்பிடுவது அப்படி.
மூன்று சுழி ணகரம் அவள் நாக்குக்கு ஏறாது.
குறையில்லை, அவள் பெயரின் ஏற்ற இறக்கம்
எனக்கும் பதினாறு மாதமாகக் கைவரவில்லை.
ஆனால் இன்று அது சரியாகவே விழுந்தது:
குழுவுக்கு முக்கியமான தனி.

பிறகு ஒரு வளைவு வரைந்து காட்டினாள்.
நடுவில் தொப்பை, இரு பக்கமும் வால்.
யாராவது வாலில் இருந்தாக வேண்டுமாம்.
அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.
இந்த வாரம் எத்தனை பேருக்கு இதை வரைந்தாளோ,
அவளுக்கு யார் வரைந்தார்களோ.
இரக்கம் வந்தது.
வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

ஏப்ரலில் ஓர் இரவு, இரண்டே முக்கால் மணி.
கொழும்புக்குப் போகும் பெட்டி, உள்ளே தீப்பற்றும் சரக்கு.
படிவத்தில் ஓர் எண் பிசகியிருந்தது.
பிஸ்கட் என்று நம்பிக் கப்பலின் அடிவயிற்றில்
அடுக்கப் போனார்கள்.
கண்டேன். நிறுத்தினேன். ஏழு பேரை எழுப்பினேன்.
விடியும்போது அது மேல்தளத்தில், காற்றில் இருந்தது.
நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.
படிவத்தைப் போட்டவள் ஃபரிடா.
அப்போது அவள் அப்பா மருத்துவமனையில்.

சாதனைகளை ஐந்நூறு எழுத்துக்குள் எழுதச் சொன்ன கட்டத்தில்
அந்த இரவை நான் எழுதவில்லை.
நடக்காத விபத்துக்கு யார் சாட்சி?

ஃபரிடாவுக்கு நான்கு.
என் மேசையில் ஒரு கறிபாப்பை வைத்துவிட்டு
எதுவும் கேட்காமல் போனாள்.
பொய் சொல்லமாட்டேன்,
திரும்பிப் போய் அங்சானா கதவைத் தட்டி
எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று
ஒரு முழு நிமிடம் நின்றேன்.
கறிபாப் சூடாக இருந்தது. தின்றுவிட்டேன்.

பாசிர் பாஞ்சாங் நிலையத்தில்
நான்காவது மொழியாக என் மொழி சொன்னது,
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்.
பின்னால்தான் நிற்கிறேன் அம்மா, என்றேன்.
பக்கத்திலிருந்த பள்ளிப் பையன்
காதில் செருகியிருந்ததைக் கழற்றிப் பார்த்தான்.

கிளமெண்டியில் இறங்கும்போது மழை. ஓரளவு.

வெண்ணிலா கதவைத் திறந்த முகத்திலேயே கேள்வி.
இந்த வருட போனசில் சமையலறைத் தரையை
மாற்றுவதாக இருந்தோம்.
துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தரைக்கல்
உடைந்து நாலு வருடம்.
“ரெண்டு” என்றேன்.
“எத்தனைக்கு?”
“அஞ்சுக்கு.”
“அஞ்சுக்கு ரெண்டு பழுதில்லை.”
சிரிக்காமல் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை.
எனக்கும் முடியவில்லை.
அப்புறம் வெகுநேரம் இருவரும் பேசவில்லை.
அவள் ரசத்தைச் சூடாக்கினாள்.

திரையில் ஒரே ஒரு பொத்தான்: ஏற்கிறேன்.
ஏழு வேலைநாள் அவகாசம்.
கருத்து எழுதும் கட்டத்தில்
ஏப்ரல் என்று தட்டினேன். அழித்தேன்.
உடன்படவில்லை என்று தட்டினேன்.
அழிக்கவில்லை.
அனுப்பவும் இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.
விளக்குப் போடாமல், இருட்டில்,
உடைந்த கல்லைத் தாண்டிக் கால் வைத்தேன்,
எல்லா இரவும் போல,
பிசகாமல்.